படம் தையலாவது எப்படி? கம்ப்யூட்டர் எம்பிராய்டரியில் புதிதாக வந்திருப்பவை

கைபேசியில் ஒரு மயில் படத்தைக் காட்டி, "இதை அப்படியே பிளவுஸ் கையில் போட்டுத் தர முடியுமா?" என்று கேட்பவர்கள் கம்ப்யூட்டர் எம்பிராய்டரிக் கடைகளுக்கு வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். இப்போது அந்த மயிலைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றே வரைந்து கொடுத்திருக்கலாம். படம் கிடைப்பது இவ்வளவு சுலபமாகிவிட்ட பிறகும், விவரம் தெரிந்த கடைக்காரர் உடனே தலையாட்டிவிட மாட்டார். என்ன துணி, எவ்வளவு பெரிது, எத்தனை நிறம் என்று விசாரிப்பார். இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல் எந்தப் படத்தையும் தைக்க முடியாது. புதிதாக வந்திருக்கும் கருவிகளில் எவை இந்தக் கேள்விகளைத் தீர்க்கின்றன, எவை இன்னும் மனிதர் கையிலேயே விட்டிருக்கின்றன என்று பார்ப்போம்.

இயந்திரம் பழையது

எம்பிராய்டரி இயந்திரம் கணினிக்கு முந்தியது. பிரான்சின் முலூஸ் நகரைச் சேர்ந்த ஜோசுவே ஹைல்மான் 1828இல் ஒன்றை உருவாக்கினார். இரு முனையும் கூர்மையாக, நடுவில் காது உள்ள ஊசிகள் பல அதில் ஒரே சமயத்தில் வேலை செய்தன. ஆறு மடங்கு பெரிதாக வரைந்த படத்தின் மேல் தொழிலாளி ஒரு கம்பியை நகர்த்திக்கொண்டே போவார். துணி கட்டிய சட்டம் அதே அசைவைச் சிறிய அளவில் திரும்பச் செய்யும். 1863இல் சுவிட்சர்லாந்தின் ஐசக் கிரோப்லி, தையல் இயந்திரத்தைப் போல மேல் நூலும் கீழ் நூலும் பின்னிக்கொள்ளும் 'ஷிஃப்லி' இயந்திரத்தைச் செய்தார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள், படத்தின் மேல் கம்பியை நகர்த்தும் வேலையைத் துளையிட்ட அட்டைகள் எடுத்துக்கொண்டன. அதனால்தான் டிசைன் போடுவதை இன்றும் தொழிலில் 'பஞ்சிங்' என்றே சொல்கிறார்கள்.

துளைகளின் இடத்துக்குக் கணினி வந்தது 1980ஐ ஒட்டி. சிட்னியில் 1979இல் தொடங்கிய வில்காம் நிறுவனமும் அமெரிக்காவின் மெல்கோவும் திரையில் டிசைன் போடும் முறையைக் கொண்டுவந்தன. ஜப்பானின் டாஜிமா, பாருடான் போன்ற நிறுவனங்கள் பல தலை இயந்திரங்களைச் செய்தன. ஆக, துணியில் ஊசி தானாகக் குத்துவது நம் காலத்து அதிசயமில்லை. மாறிக்கொண்டிருப்பது, எங்கே குத்த வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்லும் வேலைதான்.

ஃபைலுக்குள் என்ன இருக்கிறது?

எம்பிராய்டரி இயந்திரத்தில் ஊசி மேலும் கீழும் மட்டும்தான் போகும். பக்கவாட்டில் நகர்வது துணியைப் பிடித்திருக்கும் பிரேம். எனவே டிசைன் ஃபைல் என்பது பிரேமுக்கான ஒரு நடைப்பட்டியல்: இவ்வளவு வலது, இவ்வளவு மேலே, இப்போது குத்து, இங்கே குத்தாமல் தாண்டு, இங்கே நிறம் மாற்று.

உலகெங்கும் அதிகம் புழங்கும் டாஜிமாவின் டி.எஸ்.டி. ஃபைலில் ஒவ்வொரு அசைவுக்கும் 3 பைட்தான். மிகச் சிறிய அசைவு 0.1 மி.மீ. ஒரே அசைவில் அதிகபட்சம் 12.1 மி.மீ. போகலாம். அதற்கு மேல் போக வேண்டுமானால் இரண்டு மூன்று தாண்டல்களாகப் பிரிக்க வேண்டும். எந்த நிறம் என்ற தகவலே அதில் கிடையாது. 'இங்கே நிறம் மாற்று' என்பது மட்டும் இருக்கும். அது சிவப்பா பச்சையா என்பதை இயந்திரம் ஓட்டுபவர் தனியாக அமைக்க வேண்டும். வாங்கிய டிசைனைத் திரையில் திறந்தால் மயில் ஊதா நிறத்தில் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

எவ்வளவு ஆடம்பரமான டிசைனும் பெரும்பாலும் மூன்று வகைத் தையல்களில் அடங்கிவிடும். கோடாகப் போவது ரன்னிங். பட்டையாக, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மாறி மாறிக் குத்திப் பளபளப்பாக நிற்பது சாட்டின். எழுத்துகளுக்கும் காம்புகளுக்கும் அதுதான். பட்டை ஏறத்தாழ 7, 8 மி.மீ.க்கு மேல் அகலமானால் சாட்டினின் நூல் தளர்ந்து எதிலாவது மாட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட பெரிய பரப்புகளைச் சிறு சிறு தையல்களின் வரிசைகளால் நிரப்புவது டட்டாமி.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 10 செ.மீ. சதுரம் ஒன்றை டட்டாமியால் நிரப்ப வேண்டும். வழக்கமான 40ஆம் எண் நூலுக்கு வரிசைகளின் இடைவெளி சுமார் 0.4 மி.மீ. அப்படியானால் 250 வரிசை. ஒரு தையலின் நீளம் 4 மி.மீ. என்றால் வரிசைக்கு 25 குத்து, மொத்தம் 6,250. இடைவெளியை 0.5 மி.மீ. ஆக்கினால் 5,000 போதும். ஐந்தில் ஒரு பங்கு நேரமும் நூலும் மிச்சம். ஆனால் கறுப்புத் துணியில் வெள்ளை நூல் என்றால் அடித்துணி எட்டிப் பார்க்கும். கடைகளில் கூலியைப் பெரும்பாலும் தையல் எண்ணிக்கையை வைத்தே கணக்கிடுவதால், இந்த 0.1 மி.மீ. நேராகப் பணத்தில் போய் நிற்கிறது.

துணி சும்மா இருப்பதில்லை

ஒவ்வொரு தையலும் இறுகும்போது துணியைக் கொஞ்சம் உள்ளிழுக்கும். திரையில் சரியான வட்டமாக இருப்பது பனியன் துணியில் முட்டை வடிவமாக வரும். நிரப்பிய பகுதிக்கும் அதன் கறுப்பு ஓரக்கோட்டுக்கும் நடுவில் ஒரு வெள்ளை இடைவெளி விழும். இதைத் தெரிந்த டிசைனர் அந்த வட்டத்தை இழுப்பு வரும் திசையில் முன்கூட்டியே சற்று அகலமாகப் போட்டு வைப்பார். எவ்வளவு அகலம் என்பது துணிக்குத் துணி மாறும். விறைப்பான டெனிமுக்கு மிகக் குறைவு, இழுபடும் பின்னலாடைக்கு அதிகம்.

அடுத்தது அடித்தையல். கண்ணுக்குத் தெரியும் தையலுக்கு முன்பு, அதன் கீழே அகலமான இடைவெளியில் ஒரு தையல் ஓடும். சுவருக்கு வண்ணம் அடிக்கும் முன் பட்டி பார்ப்பது போன்ற வேலை இது. துணியை அதன் அடியில் வைக்கும் பேக்கிங் பேப்பரோடு சேர்த்துப் பிடித்து, மேல் நூல் அமிழாமல் நிமிர்ந்து நிற்கச் செய்கிறது. துண்டு, வெல்வெட் போன்ற மயிர்த்துணிகளில் அடித்தையல் சரியில்லை என்றால் எழுத்துகள் துணிக்குள் புதைந்துவிடும்.

மூன்றாவது, தைக்கும் வரிசை. எதை முதலில் தைப்பது, எங்கே முடித்து எங்கே தொடங்குவது? நடுவிலிருந்து வெளியே போனால் துணியின் தளர்ச்சி ஓரத்துக்குத் தள்ளப்படும். வெளியிலிருந்து உள்ளே வந்தால் நடுவில் சுருக்கம் விழும். நூலை வெட்டித் தாண்டும் இடங்களும் நேரத்தைத் தின்னும். 20,000 தையல் உள்ள டிசைன் நிமிடத்துக்கு 800 வேகத்தில் 25 நிமிடத்தில் முடிய வேண்டும். அதில் 50 வெட்டுகள் இருந்து, ஒவ்வொன்றுக்கும் 6 நொடி என்று வைத்தாலும் இன்னும் 5 நிமிடம் கூடிவிடும். யோசித்துப் போட்ட டிசைனில் அந்த வெட்டுகளில் பாதி தேவையே இருக்காது.

செயற்கை நுண்ணறிவு எதைச் செய்கிறது?

படத்தைக் கொடுத்தால் தானாகவே தையலாக மாற்றும் வசதி டிசைன் மென்பொருள்களில் பல ஆண்டுகளாகவே உண்டு. நிறங்களைப் பிரிக்கும், பரப்புகளை அடையாளம் காணும், ஒல்லியானதற்குச் சாட்டினும் பெரியதற்கு டட்டாமியும் போடும். இரண்டு மூன்று நிறமுள்ள தெளிவான லோகோவுக்கு அது ஓரளவு போதும். இப்போது சேர்ந்திருப்பது, விவரித்துச் சொன்னால் படத்தையே உருவாக்கித் தரும் செயலிகள். டிசைனருக்கு இது பெரிய உதவி. பூக்கொடியா, மாங்காய் வடிவமா, கழுத்துக்கு எது பொருந்தும் என்று வாடிக்கையாளருக்குப் பத்து மாதிரி காட்ட முன்பு ஒரு நாள் வரைய வேண்டியிருந்தது. இப்போது உட்கார்ந்த இடத்திலேயே காட்டிவிடலாம்.

சிக்கல் அதற்குப் பிறகு. அந்தச் செயலிகள் திரையில் அழகாகத் தெரியும்படி வரைகின்றன. நிழல் மெல்ல மெல்ல மங்கும், முடி போன்ற கோடுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், இறகின் கண்ணுக்குள் இன்னொரு கண் இருக்கும். நூலுக்கோ ஒரு தடிமன் உண்டு. 0.4 மி.மீ.க்குக் குறைந்த விவரம் எதுவும் துணியில் நிற்காது. 5 மி.மீ. உயரத்துக்குக் கீழே எழுத்தைக் கொண்டுபோனால், தமிழ் எழுத்தின் சுழிகள் அடைபட்டு ண, ன வித்தியாசமே தெரியாமல் போகும். எம்பிராய்டரி செய்தது போலவே தோன்றும் படத்தையும் இந்தச் செயலிகள் தருகின்றன. அதில் தெரியும் நூல் வெறும் ஓவியம். இயந்திரம் படிக்கும் தையல் ஒன்றுகூட அதில் இருக்காது.

ஆகவே, செயலியிடம் கேட்கும்போதே தையலை மனதில் வைத்துக் கேட்பது நல்லது. நான்கைந்து தட்டையான நிறம், நிழல் வேண்டாம், மூடிய வடிவங்கள், தெளிவான ஓரங்கள், வெறுமையான பின்னணி என்று சொன்னால் பிறகு திருத்தும் வேலை குறையும். வந்த படத்தைத் திரையில் பின்னணியாக வைத்து, அதன் மேல் தையலை டிசைனர் தானே போடுவதுதான் இன்றும் நம்பகமான வழி. மென்பொருளுக்குப் படம் தெரியும். அது போய்ச் சேரப்போவது பட்டா பனியனா என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. செயலி வரைந்தது என்பதால் ஒரு கார்ட்டூன் பாத்திரமோ பெரிய நிறுவனத்தின் லோகோவோ நம்முடையதாகிவிடாது. அதைத் தைத்து விற்றால் பதிப்புரிமை, வணிகச் சின்னம் சார்ந்த சிக்கல் தைத்தவருக்கே வரும்.

இலவசமாகவும் கற்கலாம்

தொழில்முறை டிசைன் மென்பொருள்கள் விலை மிகுந்தவை. அதனால் பலர் திருட்டுப் பிரதிகளில் பழகுகிறார்கள். அந்தத் தேவையை இல்லாமல் செய்திருக்கிறது இங்க்/ஸ்டிச். இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளின் மேல் இயங்கும் திறந்தமூலக் கருவி இது. அடித்தையல், இழுப்புக்கான ஈடு, சாட்டின், நிரப்பு என அடிப்படைகள் எல்லாம் இருக்கின்றன. டி.எஸ்.டி., பிரதர் இயந்திரங்களுக்கான பி.இ.எஸ். உள்ளிட்ட பல வடிவங்களில் ஃபைல் எடுக்கலாம்.

நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான 'பி-எம்பிராய்டர்' என்ற திறந்தமூலத் தொகுப்பில், டிசைனைக் கையால் வரையாமல் நிரலாகவே எழுதலாம். கணிதச் சமன்பாடு ஒன்றிலிருந்து கோலம் போன்ற வடிவம் பிறக்கும். எண்ணை மாற்றினால் அடுத்த துணிக்கு வேறு வடிவம். ஒரே டிசைனை ஆயிரம் துணியில் அடிக்கும் தொழிலில், ஒவ்வொன்றையும் வேறாகத் தைக்கும் சாத்தியம் இது.

இயந்திரத்தில் வந்த மாற்றங்கள்

எம்பிராய்டரி இயந்திரம் ஓட்டுபவரின் நிரந்தரத் தலைவலி நூலின் இறுக்கம். அதிகமானால் நூல் அறும், துணி சுருங்கும்; குறைந்தால் மேலே கண்ணி தொங்கும். மெல்கோ இயந்திரங்களில் ஒவ்வொரு தையலுக்கும் எவ்வளவு நூல் தேவை என்று கணக்கிட்டு அந்த அளவை மட்டும் ஊட்டும் முறை வந்தது. டாஜிமாவும் தன் புதிய இயந்திரங்களில் மேல் நூலின் அளவை இயந்திரமே சரிசெய்துகொள்ளும் ஏற்பாட்டைக் கொண்டுவந்திருக்கிறது. விரலால் திருகைத் திருகி, நூலை இழுத்துப் பார்த்து வந்த அனுபவத்தின் ஒரு பகுதி இப்படி இயந்திரத்துக்குள் போகிறது.

வீட்டு இயந்திரங்களில் கேமராவும் புரொஜெக்டரும் வந்துவிட்டன. பிரதர் 2018இல் வெளியிட்ட லூமினேர், தைக்கப்போகும் டிசைனைத் துணியின் மேலேயே ஒளியாகக் காட்டுகிறது. ஏற்கெனவே தைத்த பிளவுஸ் கழுத்தில் பூ சரியாக நடுவில் விழுமா என்று குத்துவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளலாம்.

நிறத்தில்தான் பெரிய மாற்றம். வழக்கமான தொழில் இயந்திரத்தில் ஒரு தலைக்கு 9, 12 அல்லது 15 ஊசிகள். அத்தனை நிறத்துக்கும் அத்தனை நூல்கண்டு. ஸ்வீடனின் கலரீல் நிறுவனம் செய்திருக்கும் கருவி, வெள்ளை நூல் ஒன்றை ஊசிக்குப் போகும் வழியிலேயே சாயம் ஏற்றிவிடுகிறது. நிறம் மாற்ற ஊசி மாற வேண்டியதில்லை. மயில் கழுத்தின் நீலம் பச்சையாக மெல்ல மாறுவதை ஒரே நூலில் கொண்டுவரலாம். நிழல் வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இது ஒரு விடை. ஆனால் துணியை இழுப்பதும் அடித்தையல் தேவைப்படுவதும் இதிலும் அப்படியேதான்.

தலையோடு சேர்த்துப் பொருத்தும் இணைப்புகளும் பெருகியிருக்கின்றன. சமிக்கியைச் சுருளிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டித் தைப்பது, மணி வைப்பது, கயிற்றை வளைத்துப் பதிப்பது, லேசரால் துணியை வெட்டி ஒட்டுவேலை செய்வது என்று. தொப்பிகளில் எழுத்து புடைத்து நிற்பதற்கு உள்ளே ஃபோம் தாள் வைத்து அதன் மேல் நெருக்கமான சாட்டின் போடுகிறார்கள். ஊசி குத்திய ஓரத்தில் ஃபோம் தானே கிழிந்து வந்துவிடும்.

அலங்காரத்துக்கு அப்பால்

நூலை நினைத்த இடத்தில், நினைத்த வளைவில், 0.1 மி.மீ. நுணுக்கத்தில் பதிக்க முடியும் என்றால், அது அழகுக்கு மட்டும்தானா? 1990களின் இறுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேப் ஆய்வாளர்கள் டெனிம் ஜாக்கெட் ஒன்றில் மின்சாரம் கடத்தும் நூலால் விசைப்பலகையைத் தைத்து, அதைத் தொட்டு இசை எழுப்பினார்கள். 2007இல் வந்த லில்லிபேட் ஆர்டுயினோ, துணியில் தைக்கக்கூடிய சின்ன மின்பலகையாகக் கல்லூரி மாணவர்கள் வரை போய்ச் சேர்ந்தது. கார் இருக்கையைச் சூடாக்கும் கம்பியைப் பதிப்பதற்கும் எம்பிராய்டரி இயந்திரம் பயன்படுகிறது.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உள்ள லைப்னிட்ஸ் பாலிமர் ஆய்வு நிறுவனம் 1990களில் இன்னொரு படி மேலே போனது. கார்பன் இழைக் கற்றையை ஓர் அடித்துணியின் மேல், விசை எந்தத் திசையில் வருமோ அந்தத் திசையிலேயே வளைத்து வைத்து, இயந்திரத்தால் தைத்துப் பிடிக்கிறார்கள். பிறகு பிசினை ஊற்றி இறுக வைத்தால் எடை குறைந்த, உறுதியான பாகம் கிடைக்கும். வெட்டி வீணாகும் கார்பன் இழையும் குறைவு. தையல் திசையைத் தீர்மானிக்கத் தெரிந்தவர் பிளவுஸுக்கும் வேண்டும், இந்தப் பாகத்துக்கும் வேண்டும்.

நூலிலும் மாற்றம் உண்டு. மறுசுழற்சி பாலியெஸ்டரிலும், மரக்கூழிலிருந்து எடுக்கும் லயோசெல் இழையிலும் எம்பிராய்டரி நூல்கள் விற்பனைக்கு வந்திருக்கின்றன. புதிய நூலின் தடிமனும் வழுவழுப்பும் சற்று வேறாக இருந்தால், பழைய டிசைனின் இடைவெளியை அப்படியே நம்பாமல் மாதிரி தைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கைவேலைக்கு எதிரியா?

தமிழ்நாட்டில் மணப்பெண் பிளவுஸ் என்றால் ஆரி வேலைதான். கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போடுவது அது. வழக்கமான கம்ப்யூட்டர் இயந்திரம் போடுவது மேல் நூலும் கீழ் நூலும் பின்னும் தையல். சங்கிலியைப் போலத் தோன்றும்படி அது தைத்தாலும் பின்பக்கம் திருப்பினால் தெரிந்துவிடும். சங்கிலித் தையலுக்கென்றே தனித் தலைகள் உள்ள இயந்திரங்களும் இருக்கின்றன. இருந்தும், ஜர்தோசிச் சுருளைத் தேவைக்கேற்ற நீளத்தில் நறுக்கி, ஒவ்வொன்றையும் வேறு வேறு கோணத்தில் சாய்த்து வைப்பது இன்னும் கைக்கே உரியது. அதனால் பல கடைகளில் பின்னணிக் கொடியை இயந்திரத்தில் ஓட்டிவிட்டு, கல்லும் ஜர்தோசியும் கையால் வைக்கிறார்கள். விலையும் இறங்குகிறது, கைவேலைப் பொலிவும் மிஞ்சுகிறது.

நீலகிரியின் தோடர் எம்பிராய்டரி வேறு மாதிரி. வரைபடம் எதுவும் இல்லாமல், வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணியெண்ணிச் சிவப்பும் கறுப்புமாகத் தைக்கும் கலை. 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்த வடிவத்தை ஃபைலாக்குவது இயந்திரத்துக்கு எளிது. ஆனால் இயந்திரத்தில் தைத்ததைத் தோடர் எம்பிராய்டரி என்ற பெயரில் விற்பது அந்தக் குறியீட்டின் நோக்கத்துக்கே எதிரானது. புதிய கருவிகள் நகலெடுப்பதைச் சுலபமாக்கும்போது இந்த எல்லையைக் கடைக்காரரும் வாங்குபவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

டிசைன் வாங்குபவருக்கும் கற்பவருக்கும்

டிசைன் ஃபைலை இணையத்திலோ டிசைனரிடமோ வாங்கினால், முதலில் அது எந்தத் துணிக்காகப் போட்டது என்று கேளுங்கள். டெனிமுக்குப் போட்டதை ஜார்ஜெட்டில் ஓட்டினால் துணி சுருண்டுவிடும். தையல் எண்ணிக்கை, வெட்டுகளின் எண்ணிக்கை, நிறமாற்றங்களின் எண்ணிக்கை மூன்றையும் கேளுங்கள். கூலியும் நேரமும் அவற்றிலேயே தெரிந்துவிடும். தைத்த மாதிரியின் புகைப்படம் கேளுங்கள். கணினி காட்டும் முன்தோற்றத்தை மாதிரி என்று ஏற்க வேண்டாம்.

அளவு மாற்றுவதில் கவனம் தேவை. டி.எஸ்.டி. போன்ற தையல் ஃபைலில் குத்தும் புள்ளிகள் மட்டும் இருப்பதால், பெரிதாக்கினால் இடைவெளி விரியும். சிறிதாக்கினால் நெருங்கி ஊசி முறியும். ஏறத்தாழ 10 சதவீதத்துக்கு மேல் மாற்றாமல் இருப்பது பொதுவான வழக்கம். வில்காமின் ஈ.எம்.பி. போன்ற மூல ஃபைலில் வடிவமும் விதிகளும் இருக்கும். அளவு மாறினால் தையல் புதிதாகக் கணக்கிடப்படும். உங்களுக்காகவே போடச் சொல்லும் டிசைன் என்றால் மூல ஃபைலையும் சேர்த்து விலை பேசிக்கொள்ளுங்கள்.

கற்க நினைப்பவர், மாதா மாதம் வரும் புதிய செயலிகளைத் துரத்த வேண்டியதில்லை. ஒரே டிசைனை, சொல்லப்போனால் ஒரு வட்டமும் அதைச் சுற்றி ஓர் ஓரக்கோடும் போதும், பருத்தி, பனியன், ஜார்ஜெட், துண்டு என நான்கு துணிகளில் ஓட்டிப் பாருங்கள். எங்கே வட்டம் சப்பையானது, எங்கே ஓரக்கோடு விலகியது, அடித்தையலை மாற்றினால் என்ன ஆனது என்று துணியின் மேலேயே எழுதி வையுங்கள். படம் வரைந்து தரும் செயலி எல்லோருக்கும் ஒன்றே. ஓட்டிப் பார்த்துக் குறித்த அந்த நான்கு துணிகள் உங்களிடம் மட்டும்தான் இருக்கும். டிசைனருக்கு வாடிக்கையாளர் கூலி கொடுப்பது அந்த அறிவுக்காகத்தான்.